சோற்றோடு போக வேண்டிய மருந்து

"சாப்பிட்டது செரிக்கலையா? ஒரு என்சைம் மாத்திரை போடு, சரியாயிடும்." ஊத்துக்கோட்டை பஜாரில் சகஜமாகக் காதில் விழும் யோசனை இது. மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் செரிமான சிரப்புகள் பலவற்றில் இருப்பவை டயாஸ்டேஸும் பெப்சினும்தான். முதலாவது மாவுச்சத்தை உடைக்கும், இரண்டாவது புரதத்தை. கொழுப்பைச் செரிக்கும் லைப்பேஸ் அவற்றில் இல்லை. கணையம் கெட்டவருக்குக் குறைவது முக்கியமாக அந்த லைப்பேஸ்தான். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்து, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் நின்று, உடம்பும் இளைத்துக்கொண்டே வந்தால் அதை கேஸ் என்று ஒதுக்கக் கூடாது. கணையம் சரியாகச் சுரக்கிறதா என்று அறிய, மலத்தில் எலாஸ்டேஸ் என்சைமின் அளவு பார்க்கும் பரிசோதனை இருக்கிறது.

"கணையம் குடிகாரனுக்குத்தான் கெடும்" என்பது இன்னும் கொடுமையான நம்பிக்கை. குடி பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் சொட்டு மது தொடாத இளைஞர்களுக்கும் கணையத்தில் கல் விழுந்து, சர்க்கரையும் வருவதைத் தென்னிந்திய மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகப் பார்த்து வருகிறார்கள். ஒரு காலத்தில் மரவள்ளிக்கிழங்கின் மேல் பழி போட்டார்கள். பின்னால் ஸ்பிங்க்1 போன்ற மரபணு மாற்றங்களுக்கும் இதில் பங்குண்டு என்று தெரிந்தது. வயிற்று வலியோடு வரும் பிள்ளையை "குடிச்சியா?" என்று குடைவதை முதலில் நிறுத்துங்கள்.

கணையம் கெட்டவர்களுக்கு டாக்டர் எழுதித் தரும் பான்கிரியாட்டின் கேப்ஸ்யூல் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. அதை எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். பின்னால் யாரோ சொல்லித் தெரிந்து, மனம் நொந்து, பாதியில் நிறுத்தியவருக்குத்தான் நஷ்டம்.

அதிகம் பேர் தவறுவது வேளையில். "மாத்திரைன்னா சாப்பாட்டுக்கு அப்புறம்" என்ற பழக்கம் இங்கே உதவாது. கேப்ஸ்யூலுக்குள் இருக்கும் குருணைகள் இரைப்பையின் அமிலத்தைத் தாண்டி, சிறுகுடலில் கரையும்படி பூச்சிடப்பட்டவை. சோற்றோடு கலந்து போனால்தான் வேலை செய்யும். முதல் கவளத்தோடு ஒன்று, இன்னொன்று இருந்தால் நடுவில். குருணையை மெல்லவோ பொடிக்கவோ கூடாது. பெரியவர்களுக்கு முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 லைப்பேஸ் யூனிட், நொறுக்குத் தீனிக்கு அதில் பாதி என்று தொடங்குவது வழக்கம். "காலை 1, இரவு 1" என்பது இதற்குக் கணக்கே இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்ப்பவர் நள்ளிரவு கேன்டீனில் சாப்பிட்டால், நள்ளிரவில்தான் அவருக்குக் கேப்ஸ்யூல். மதிய வெயிலில் பைக் பெட்டிக்குள் போட்டு வைத்தால் என்சைம் வீரியம் இழந்துவிடும்.

"வெளியிலிருந்து கொடுத்தால் கணையம் சோம்பேறியாகிவிடும்" என்பார்கள். கல்லும் தழும்புமாகிப்போன கணையம் இனி சுரக்கப்போவதில்லை. அது செய்ய முடியாததைத்தான் கேப்ஸ்யூல் செய்கிறது. நெய்யையும் எண்ணெயையும் அடியோடு விலக்கச் சொல்லும் பழைய அறிவுரையும் வேண்டாம். ஏற்கெனவே இளைத்தவரை அது இன்னும் இளைக்க வைக்கும். சர்க்கரை உள்ளவர்கள் மட்டும், சத்து உடம்பில் சேரத் தொடங்கியதும் ரத்தச் சர்க்கரை அளவு ஏறலாம் என்பதால், அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். சரியான வேளையில் போட்டும் எடை கூடவில்லையென்றால் டாக்டரிடம் திரும்பப் போங்கள். யூனிட்டைக் கூட்டுவார், அல்லது அமிலம் குறைக்கும் மாத்திரை ஒன்றைச் சேர்ப்பார்.