ஆங்கிலத்திற் குறிப்பாற் பொருளுணர்த்தும் சொற்கள்

ஆங்கில வாசகமொன்றைத் தந்து அதன்கீழ் வினாக்கள் தொடுக்கும் பரீட்சைத்தாளிலே, 'ஆசிரியர் இங்கு எதனை இம்பிளை செய்கின்றார்?' என்னும் போக்கில் ஒரு வினா வருதலுண்டு. நம் மாணாக்கருட் பலர் அதனை 'எதனைக் குறிப்பிடுகின்றார்?' என மனத்துள் மொழிபெயர்த்துக்கொண்டு, வாசகத்தில் வெளிப்படையாய்க் கிடக்கும் வாக்கியமொன்றைப் பெயர்த்தெழுதிவிடுவர். வினவப்பட்டதோ சொல்லாமற் சொன்ன பொருள்; எழுதப்பட்டதோ சொல்லிய பொருள். இப்பிழை ஆங்கில அறிவின் குறைவால் வந்ததன்று. தமிழ்ச் சொல்லாற் புகுந்தது. பண்டை இலக்கணத்திற் குறிப்பு என்பது வெளிப்படைக்கு மறுதலை. இக்கால வழக்கிலோ 'குறிப்பிடுதல்' என்பது ஒன்றனை எடுத்து வெளிப்படக் கூறுதலாகிவிட்டது. ஆதலின், 'இம்பிளை' என்பதனைக் 'குறிப்பாலுணர்த்துதல்' என்றே கொள்க.

இச்சொல்லின் இலத்தீன் மூலம் 'உள்ளே மடித்தல்' என்னும் பொருளது. சொல்பவன் தன் சொல்லினுள்ளே ஒரு பொருளை மடித்து வைக்கின்றான். கேட்பவன் அம்மடிப்பை விரிக்கின்றான். விரிப்பவன் தொழிலுக்கு ஆங்கிலத்தில் 'இன்ஃபேர்' என்று பெயர். இரவில் நெடுநேரம் இருந்து கதைக்கும் விருந்தினரிடம் வீட்டுக்காரர், 'கடைசி பஸ் எட்டு மணிக்கு' என்கின்றார். புறப்படும்படி உணர்த்தியவர் வீட்டுக்காரர்; அதனை உய்த்துணர்ந்து எழுந்தவர் விருந்தினர். முன்னது 'இம்பிளை', பின்னது 'இன்ஃபேர்'. ஆங்கிலேயரே இவ்விரண்டையும் மயங்க வழங்குவர். பதினாறாம் நூற்றாண்டிலே சேர் தோமஸ் மோர் எழுத்திலும் அம்மயக்கத்தின் சாயல் உண்டு. எனினும், பரீட்சைத்தாளில் மயங்குதல் ஆகாது. திருவள்ளுவர் குறிப்பறிதல் என்னும் பெயரால் பொருட்பாலில் ஓரதிகாரமும் காமத்துப்பாலில் ஓரதிகாரமும் வைத்தனர். அறிதல் கேட்பவன், காண்பவன் தொழிலாதலின், அவை 'இன்ஃபேர்' என்பதன் பாற்படும்.

'சஜெஸ்ற்' என்னும் சொல்லுக்கு 'ஆலோசனை கூறுதல்' என்னும் ஒரு பொருளையே நம்மவர் நெட்டுருப் பண்ணியிருப்பர். அதனால் 'அவர் முகம் நோயை சஜெஸ்ற் செய்கின்றது' என்னுமிடத்துத் திகைப்பர். முகம் ஆலோசனை கூறுமோ? ஈண்டு அதன் பொருள், ஒன்றனை நினைக்கத் தூண்டுதல். விஞ்ஞான நூலார் தம் பரிசோதனையின் முடிவு இன்னதைச் 'சஜெஸ்ற்' செய்கின்றது என்று எழுதுவராயின், நிறுவியாயிற்று என்று அவர் சொல்லவில்லை; அவ்வாறு எண்ண இடமுண்டு என்றே சொல்கின்றார். அதனை 'நிரூபிக்கின்றது' என மொழிபெயர்ப்பவர், அவர் சொல்லாததொன்றை அவர் வாயில் வைப்பவராவர்.

'ஹின்ற்' என்பது நம்மூரிற் சாடை காட்டுதல். வேண்டுமென்றே சிறிதளவு காட்டி நிறுத்துதல். 'அலூட்' என்பது பெயர் கூறாது ஒன்றனைத் தொட்டுச் செல்லுதல். பெயரையே சொல்லிவிட்டால் அச்சொல் பொருந்தாது.

'இன்சினுவேற்' என்பது வேறு இனம். வளைந்து நெளிந்து உட்புகுதலே அதன் இலத்தீன் மூலப்பொருள். பிறர்மேற் பழியை நேரே கூறாது, ஐயம் எழும்படி நுழைத்துவிடுதலை இச்சொல் உணர்த்தும். 'இன்றைக்குக் கணக்கெல்லாம் சரியாக இருக்கின்றது' என்று பொருளாளரைப் பார்த்து ஒருவன் சொன்னால், 'இன்றைக்கு' என்பதிலேதான் நஞ்சு. கேட்டால், 'நான் என்ன சொன்னேன்?' என்பான். ஆங்கில அவதூறுச் சட்டம் இத்தகையோனைத் தப்பவிடுவதில்லை. சொல்லின் மறைபொருளை அது 'இனுவெண்டோ' என வழங்கும். தலையசைப்பாற் காட்டுதல் என்பது அச்சொல்லின் மூலப்பொருள்.

போல் கிறைஸ் என்னும் ஆங்கிலத் தத்துவ அறிஞர் 1967இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய விரிவுரைகளில் இவற்றையெல்லாம் ஆராய்ந்து, சொல்லாது உணர்த்தப்படும் பொருளுக்கு 'இம்பிளிக்கேச்சர்' என்று புதுப்பெயர் இட்டார். அவ்விரிவுரைகளுள் ஒன்று 1975இல் அச்சேறியது. நாம் அதனை வியக்கலாம்; ஆனால் முற்றும் புதிது என்றல் வேண்டா. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே பவணந்தியார் நன்னூலில் விடையை எட்டாக வகுத்து, அவற்றுட் பின்னைந்தும் குறிப்பால் விடையாவன என்றார். 'விளையாட வருகின்றாயா?' என்றதற்குக் 'கால் நோகின்றது' என்றால் உற்றதுரைத்தல். 'கால் நோகும்' என்றால் உறுவது கூறல். 'வரமாட்டேன்' என்னும் சொல் இரண்டிலும் இல்லை. கேட்ட சிறுவனோ பந்தை எடுத்துக்கொண்டு போய்விடுகின்றான். இதனை எட்டாம் வகுப்பிற் சூத்திரமாக ஒப்புவித்த மாணவனே ஆங்கிலப் பாடத்தில் 'இம்பிளை' என்றதும் மலைக்கின்றான். இரு பாடமும் இரு வேறு அறைகளில் நடப்பதன் பயன் இது போலும்.

கிறைஸ் காட்டிய உதாரணம் ஒன்று பழைய மாணவர்க்கு மிக வேண்டுவது. தத்துவம் கற்பிக்கும் பதவிக்கு விண்ணப்பித்த மாணவன் ஒருவனுக்கு அவன் ஆசிரியர் நற்சான்றுப் பத்திரம் எழுதுகின்றார். அவன் ஆங்கிலம் நன்று, வரவு ஒழுங்கு என்பதோடு முடிக்கின்றார். பொய் ஒன்றும் இல்லை, பழியும் இல்லை. ஆயினும், தத்துவத்தில் அவன் திறமை பற்றிய மௌனமே அவனுக்கு வேலையை மறுத்துவிடுகின்றது. இன்று அலுவலகங்களில் உயர்பதவி வகிக்கும் நம் பழைய மாணவர் பலர் இத்தகைய பத்திரங்களில் ஒப்பமிடுவோர். 'நேரந்தவறாதவர், நல்லொழுக்கமுடையவர்' என்று அவசரத்தில் இரண்டு வரி எழுதிக் கொடுக்கும்போது, அவ்விளைஞனின் தொழிற்றிறமை பற்றி ஒரு சொல்லேனும் சேர்ந்ததா என்று ஒப்பமிடுமுன் ஒருமுறை பார்த்துக்கொள்க. எழுதியவர் குறிப்பாக ஒன்றும் உணர்த்தக் கருதாதிருக்கலாம். வாசிப்பவர் உய்த்துணராமல் விடார்.