பேணுநர் இல்லோரும் வீடற்றோரும்: மணிமேகலையின் அம்பலமும் சென்னை நடைபாதையும்

பெருநகரின் பொதுவெளியில் வாழ்ந்து உறங்கும் வறியோரை அரசு ஆவணங்கள் ‘வீடற்றோர்’ எனக் குறிக்கின்றன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிப்ரவரி 28 இரவில் இவர்கள் எண்ணப்பட்டனர். நாடு முழுவதும் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர். சாலையோரம், நடைபாதை, பெருங்குழாய், மேம்பாலத்தின் அடி, வழிபாட்டிடத்தின் திறந்தவெளி, தொடர்வண்டி நடைமேடை முதலியன அவர்தம் இருப்பிடங்களாக வரையறையில் இடம்பெற்றன. கூரையின் இன்மையே இங்கு அளவுகோல். அவர்கள் யாருடன் வாழ்கிறார்கள், அவ்விடத்தை ஏன் விடாதிருக்கிறார்கள் என்பன இவ்வரையறைக்குள் வரவில்லை.

தமிழில் இதனின் வேறான ஓர் அளவுகோலை மணிமேகலையில் காணலாம். புகார் நகரின் உலக அறவி என்னும் பொது அம்பலத்தில் கூடியிருப்போரைக் காயசண்டிகை மணிமேகலைக்கு அறிமுகப்படுத்துகிறாள். பல ஊர்களிலிருந்தும் பசியால் வந்தோர், துணை எவரும் இன்றிப் பிணியுற்றோர், இடுவோரை எதிர்நோக்கியிருப்போர் என்பதே அவள் தரும் விவரம். நகரை நோக்கிய வறியோரின் இடப்பெயர்வு இதில் தெளிவாகப் பதிவாகியுள்ளது. மதுரையில் ஆபுத்திரன் ஊட்டியவர்களைச் சொல்லுமிடத்திலும் கண்ணற்றோர், செவியற்றோர், கால் முடப்பட்டோர், பிணியுற்றோர் ஆகியோருடன் ‘பேணுநர் இல்லோர்’ என்றொரு வகையினர் சுட்டப்படுகின்றனர். மனையின்மை இங்கு தனி அடையாளமாகவில்லை, பேணுவாரின்மையே அடையாளமாகிறது. ஊட்டும் ஆபுத்திரனே பிச்சைப் பாத்திரத்தைத் தலைக்கு அணையாக வைத்து அம்பலத்தில் உறங்குபவன்தான். ஆயினும் காப்பியம் அவனை இரங்கத்தக்கவர் வரிசையில் வைக்கவில்லை.

இவ்வொப்பீட்டிற்கு ஓர் எல்லை உண்டு. அம்பலத்தில் இருந்தோர் பெரும்பாலும் உழைக்க இயலாதோர். சென்னை நடைபாதையில் வாழ்வோரில் பலர் உழைப்போர். ஜார்ஜ் டவுன் பகுதியில் தலைமுறைகளாக நடைபாதையில் வாழும் குடும்பங்கள் உள்ளன. சுமை தூக்கல், வண்டி இழுத்தல், பூ விற்றல், வீட்டுவேலை எனத் தொழில் அருகிலேயே கிடைப்பதால்தான் அவ்விடம் அவர்களுக்கு வாழிடமாகிறது. 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் பம்பாய் நடைபாதைவாசிகள் முன்வைத்த வாதமும் இதுவே. பிழைப்புரிமை வாழ்வுரிமையின் கூறு என உச்ச நீதிமன்றம் ஏற்றது. எனினும் முறைப்படியான அகற்றலை அது தடுக்கவில்லை.

இடத்துக்கும் தொழிலுக்கும் உள்ள இப்பிணைப்பை மறுகுடியமர்வு அறுத்துவிடுகிறது. சென்னையின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த கண்ணகி நகர் இதற்கு அறியப்பட்ட சான்று. (சொந்த ஊர் நீங்கி அயல்நகரில் அனைத்தும் இழந்தவளின் பெயரை அக்குடியிருப்புக்குத் தேர்ந்தவர்கள் இப்பொருத்தத்தை எண்ணியிருக்க மாட்டார்கள்.) அங்குக் குடியேறுவோர் வீடு பெறுகின்றனர். ஆனால், விடியற்காலைச் சுமைவேலைக்கும், வேலைக்குச் செல்கையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அண்டையாரின் துணைக்கும் இடையே பேருந்துப் பயணமும் அதன் கட்டணமும் புகுந்துவிடுகின்றன.

காப்பகங்களின் நிலை இதனினும் நுண்ணியது. நகர்ப்புறங்களில் 1 லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் என்னும் அளவு உச்ச நீதிமன்ற ஆணைகளின் வழி வந்தது. தனித்து வந்த முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் அது உயிர்காப்பு. உலக அறவியின் நேரடி வழித்தோன்றல் எனவே கொள்ளலாம். நடைபாதைக் குடும்பத்தின் நிலை வேறு. ஆடவர்க்கும் மகளிர்க்கும் தனித்தனியே அமைந்த காப்பகத்தில் நுழைய வேண்டுமெனில் கணவனும் மனைவியும் பிரிய வேண்டும். வளர்ந்த மகன் தாயைவிட்டு நீங்க வேண்டும். அடுப்பும் பாத்திரமும் தெருவிலேயே நிற்கும். அதுவரை வீடு மட்டுமே இல்லாதிருந்தவர்கள், அந்த இரவிலிருந்து, காப்பியம் சுட்டிய பொருளில் பேணுநரும் இல்லாதவர்கள் ஆகின்றனர்.