விண்மீனைத் தொடரும் கணக்கு

மாணவர்களே, திருவண்ணாமலைக்கு வடமேற்கே ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டது. பூமி சுழல்வதால், ஒரு விண்மீனைத் தொடரும் தொலைநோக்கி 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் திரும்ப வேண்டும். சற்றுப் பிசகினாலும் படத்தில் புள்ளி கோடாகிவிடும்!

இத்தகைய பொறியில் மின்பெருக்கி, மோட்டார், பற்சக்கரம் எனப் பல உறுப்புகள் உண்டு. ஓர் உறுப்பின் வெளியீட்டை உள்ளீட்டால் வகுத்தால் வருவது அதன் மாற்றுச் சார்பு. (லாப்லாஸ் உருமாற்றம் செய்தபின் வகுக்க வேண்டும், அதைக் கல்லூரியில் படிப்பீர்கள். இங்கே வெறும் எண்களே போதும்.) உறுப்புகள் சங்கிலிபோல் இணைந்தால் சார்புகளைப் பெருக்குக: 10 × 5 = 50. ஒரே உள்ளீட்டை இரண்டு உறுப்புகள் பெற்று, அவற்றின் வெளியீடுகள் ஒன்றுசேர்ந்தால் கூட்டுக.

பின்னூட்டம்தான் சுவையானது. வெளியீட்டை (வெ) அளந்து, கட்டளையிலிருந்து (உ) கழித்து, மிச்சத்தை மட்டும் உள்ளே அனுப்புகிறோம். மொத்தப் பெருக்கம் க என்றால்,

வெ = க (உ − வெ)
வெ/உ = க/(1+க)

க = 50 எனில் விடை 50/51, அதாவது 0.980. பெருக்கி தளர்ந்து க = 40 ஆனால் 40/41, அதாவது 0.976. உறுப்பில் 20 சதவீதச் சரிவு. விடையிலோ அரை சதவீதம்கூட இல்லை! இதற்காக க-வை அளவின்றிக் கூட்டினால் தொலைநோக்கி ஊசலாடத் தொடங்கலாம்.

கணிப்பொறியில் ஒரு பொறி உண்டு. க = 1/(ச+2) என்க. மேட்லாபில் க/(1+க) என்று அப்படியே தட்டினால் (ச+2)/((ச+2)(ச+3)) என நிற்கும். (ச+2) தானாக வெட்டுப்படாது. 'ஃபீட்பேக்' என்னும் தனி ஆணையைக் கொடுத்தால் 1/(ச+3) என்றே கிடைக்கும்.