வானிற் கண்டதும் நிலத்தில் அளந்ததும்

தென்னமெரிக்காவிலுள்ள வெனிசுவேலா நாட்டின் தென்கிழக்கே, அடர்ந்த காட்டின் நடுவில், செங்குத்தான சுவர்களும் தட்டையான உச்சியும் உடைய மணற்கல் மலைகள் பல நிற்கின்றன. அவற்றுள் ஒன்று ஔயான்தெப்புயி. அதன் விளிம்பினின்றும் வீழும் ஏஞ்சல் அருவியே உலகின் மிக உயர்ந்த அருவியாகும்.

அங்கு வாழும் பெமோன் மக்கள் அதனை நெடுங்காலமாக அறிவர். அமெரிக்க விமானியாகிய ஜிம்மி ஏஞ்சல் 1933ஆம் ஆண்டில் அதனை வானிலிருந்து கண்டார். அருவி அவர் பெயரைப் பெற்றது. பொன் தேடும் வேட்கையினால், 1937ஆம் ஆண்டு ஒக்டோபர் 9ஆந் திகதி, மனைவி உட்பட மூவருடன் அவர் அம்மலையுச்சியில் விமானத்தை இறக்கினார். மேலிருந்து நோக்கியபோது உறுதியான தரையெனத் தோன்றியது உண்மையிற் சேற்று நிலமே. சக்கரங்கள் புதைந்தன, விமானம் மீண்டும் எழவில்லை.

அந்நால்வருள் ஒருவராகிய குஸ்தாவோ ஹெனி அம்மலைப் பகுதியை முன்னரே தரைவழியாக ஆராய்ந்திருந்தார். அவ்வறிவே துணையாக, பாறைகளையுங் காட்டையுங் கடந்து, பதினொரு நாளில் அனைவரும் உயிருடன் மீண்டனர். மலைமேற் கிடந்த விமானம் 1970இலேதான் ஹெலிகொப்டர் மூலம் இறக்கப்பட்டது.

அருவியின் உயரமும் அவ்வாறே அறியப்பட்டது. 1949இல் ரூத் ரொபேட்சன் என்னும் பெண்மணியின் தலைமையிற் சென்ற குழுவினர், ஆற்றிலும் காட்டிலும் வழிதேடிச் சென்று, அதன் அடிவாரத்தில் நின்று அளந்தனர். கண்ட அளவு 979 மீற்றர்.

வானம் பரப்பைக் காட்டும். நிலமே தன்மையை உணர்த்தும். தூரத்துக் காட்சியை முடிந்த அறிவெனக் கொள்ளாது, இறங்கி நடந்து அளந்தறிவதே புவியியல் கற்போர் கடனாகும்.