கரையிறங்கும் நேரமும் தொழுகையும்

ஹஜ்ஜுக்குக் கப்பலில் போய் வந்த பெரியவர்கள் இன்றும் சில வீடுகளில் இருக்கிறார்கள். பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குப் போன அந்தக் கப்பல் 1995-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. இப்போது வந்திருப்பது உல்லாசக் கப்பல். 2023 ஜூன் 5-ஆம் தேதி ‘எம்ப்ரஸ்’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை நோக்கிப் புறப்பட்டது. உடுமலையிலிருந்தும் குடும்பத்தோடு இப்படிப் போக நினைப்பவர்கள் இருக்கலாம். மதுவும் சூதும் நடக்கும் பக்கத்தை விட்டு விலகுவதும், உணவு ஹலாலா என்று சீட்டு எடுக்கும் முன்பே விசாரிப்பதும் யாவரும் அறிந்தவை. கரையிறங்கும் நாளில் தொழுகை எப்படித் தவறுகிறது என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும்.

கப்பல் புறப்படும் நேரம் வேறு, எல்லோரும் ஏறியாக வேண்டிய நேரம் வேறு. பின்னது அரை மணி முதல் ஒரு மணி வரை முந்தியிருக்கும். கப்பல்காரர்களே ஏற்பாடு செய்த பஸ் தாமதித்தால் பெரும்பாலும் காத்திருப்பார்கள். நாமாக வாடகைக் கார் பிடித்துப் போனால் காத்திருக்க மாட்டார்கள். இந்தப் பதற்றத்தில் லுஹரை, “கப்பலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிவிடுகிறோம். துறைமுக வாசலில் நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்க, வக்து போய்விடுகிறது.

ஆகவே நேரத்தைப் பின்னிருந்து எண்ணுங்கள். காங்கேசன்துறையில் மாலை 4 மணிக்குள் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 3 மணிக்குத் துறைமுக வாசலில் இருக்க வேண்டும். யாழ்ப்பாணம் சுமார் 18 கிலோமீட்டர். 2 மணிக்கே அங்கிருந்து கிளம்ப வேண்டும். எனவே கோட்டையைக் காலையில் பார்த்துவிட்டு, லுஹருக்குச் சோனகத் தெருப் பள்ளிவாசலுக்குப் போய்விடுங்கள். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் வாழ்ந்த தெரு அது. கடைவீதியைவிட அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது மேல்.

உடுமலை எல்லையைத் தாண்டியதுமே நீங்கள் முஸாஃபிர். லுஹர், அஸர், இஷாவின் ஃபர்ளு இரண்டு ரக்அத். ஆனால் உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் நான்கும் தொழ வேண்டும். ஷாஃபிஈ சகோதரர்களுக்குப் பயணத்தில் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழ அனுமதி உண்டு. ஹனஃபிகளான நமக்கு அரஃபா, முஸ்தலிஃபா தவிர வேறெங்கும் அது இல்லை. அஸரைக் கப்பலில் ஏறியபின் தொழுவோம். இலங்கையில் ஷாஃபிஈகளே அதிகம். அங்கே அஸர் ஜமாஅத் நம்மூரைவிட முந்தி நடக்கும். நிழல் ஒரு மடங்கானதும் அஸர் என்பது நம் இமாம்களான அபூ யூஸுஃப், முஹம்மது இருவரின் சொல்லும்தான் என்பதால் அந்த ஜமாஅத்தைக் கண்டு திகைக்க வேண்டாம். உங்கள் ஊர் ஆலிமிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இலங்கையின் நேரம் நம் நேரமேதான். சிங்கப்பூரில் ஏறிப் புக்கெட்டில் இறங்குவோர் கவனிக்கவும்: தாய்லாந்து சிங்கப்பூரைவிட 1 மணி பின்தங்கியது. கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமலே இருக்கலாம். திரும்பி ஏறுவதற்குக் கப்பலின் மணியைப் பாருங்கள். தொழுகைக்கு இறங்கிய ஊரின் அட்டவணையைப் பாருங்கள். கைபேசி தானாக நேரம் மாற்றிக்கொள்வதால் பெண்மக்களிடம் ஒரு சாதாரணக் கைக்கடிகாரமும் இருக்கட்டும்.

கப்பலில் நிற்க முடிந்தவர் நின்றே தொழ வேண்டும். தலை சுற்றினால் உட்கார்ந்து தொழலாம். தொழுகையின் நடுவில் கப்பல் திரும்பினால், நீங்களும் கிப்லாவின் பக்கம் திரும்பிக்கொண்டே தொழுகையைத் தொடருங்கள்.