கற்றளிக்கு முந்திய கோயில்

திருக்கோயிலமைப்பைப்பற்றிப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் பலர் பல்லவர் காலத்துக் கற்கோயில்களிலிருந்தே தொடங்குகின்றனர். அதனைக் கேட்கும் மாணாக்கர், அக்காலத்துக்கு முன் தமிழ்நாட்டிற் கோயிலே இருந்ததில்லையெனக் கருதுதல் கூடும். இப்பிழை நிகழாவண்ணம் கற்பிக்குமாற்றை ஈண்டு ஆராய்வாம்.

முதற்சான்று கல்வெட்டு. கி. பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரசாண்ட மகேந்திரவர்ம பல்லவன் விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டிலே பாறையைக் குடைந்து ஒரு கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை என்னும் இவையின்றிப் பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவர்க்கும் அதனை ஆக்கினானென அங்குள்ள வடமொழிக் கல்வெட்டுக் கூறுகின்றது. இவையின்றிச் செய்தமை எடுத்துரைக்கத் தக்க புதுமையாயின், இவற்றாற் செய்தலே முன்னை வழக்கென்பது பெறப்படுமன்றோ?

இரண்டாவது சான்று அகழாய்வு. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின், மாமல்லபுரத்தையடுத்த சாளுவன்குப்பத்தில் 2005இல் தொல்லியலார் அகழ்ந்தபோது முருகன் கோயிலொன்று வெளிப்பட்டது. ஆண்டுப் பல்லவர் கற்றளியின் கீழே அதனினும் பழைய செங்கற்கோயில் காணப்பட்டது.

மூன்றாவது சான்று கல்லின் வடிவமே. மாமல்லபுரத்துத் திரௌபதி இரதம் கூரைவேய்ந்த குடிலை ஒத்தது. ஏனைய இரதங்களிலே தூணும் போதிகையும் கொடுங்கையும் அமைந்துள்ளன. ஒரே பாறையிற் செதுக்கிய கட்டடத்துக்குப் பாரந்தாங்கப் போதிகை எற்றுக்கு? மழைநீர் வடியக் கூரைபோல் வளைந்த கொடுங்கை எற்றுக்கு? தச்சன் மரத்திற் பயின்ற உருவையே சிற்பி கல்லிலும் அமைத்தான் என்பதே விடை.

பின்னர்க் கல்லை அடுக்கிக் கட்டுங் கலை வளர்ந்தது. இராசசிம்மன் காஞ்சியிற் கைலாசநாதர் கோயிலை 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்தான். இராசராசன் தஞ்சையில் எடுப்பித்த பெருங்கோயில் 1010இல் நிறைவெய்தியது. அம்மரபு ஈழத்தும் பரவியதற்குப் பொலன்னறுவையில் 11ஆம் நூற்றாண்டின் வானவன்மாதேவீச்சுரம் சான்றாய் நிற்கின்றது. அஃது அடிமுதல் முடிவரை கல்லாலாயது.

ஆகவே, ஆசிரியர்காள், அரசர் பெயரும் ஆண்டும் ஒப்புவிக்கச் செய்தல் மாத்திரம் போதாது. பிள்ளைகளை ஊர்க்கோயிலின் முன் நிறுத்தி, "இவ்வுறுப்பு மரத்திற்கு உரியதோ, கல்லிற்கு உரியதோ?" என வினவுக. கொடுங்கையையும் வீட்டுக் கூரையின் இறப்பையும் ஒப்புநோக்கச் செய்க. மரம் உளுத்தது, செங்கல் உதிர்ந்தது, உருவமோ கல்லில் எஞ்சியது. பழமையைக் கல்லால் மாத்திரம் அளப்பவன் முன்னோர் உழைப்பிற் பெரும்பகுதியை எண்ணாது விடுவான். அப்பிழை நம் வகுப்பறையிலிருந்து தொடங்காதிருப்பதாக.