கைரேகைக்கும் காவல் தேவை

சம்பா நடவு முடிந்து மேலுரம் இடும் நேரத்தில் யூரியா வாங்கப் போகும் விவசாயி, உரக்கடையில் பணத்தை நீட்டுவதற்கு முன் விரலை நீட்ட வேண்டியிருக்கிறது. 2018 முதல் நாடு முழுவதும் மானிய உரம், ஆதார் எண்ணைச் சரிபார்க்கும் விற்பனைக் கருவி வழியாகவே விற்கப்படுகிறது. அதே விரலை ரேஷன் கடையிலும், இ-சேவை மையத்திலும், ஊருக்குள் பணம் பட்டுவாடா செய்ய வரும் வங்கி முகவரின் சிறிய கருவியிலும் வைக்க வேண்டும். நாற்றுக் கூலி, உழவு வாடகை, மூட்டைக் கணக்கு என எல்லாவற்றையும் நோட்டில் குறித்து வைக்கும் விவசாயிகள்கூட, ஒரு பருவத்தில் எங்கெங்கே விரல் வைத்தோம் என்பதைக் குறித்து வைப்பதில்லை.

அந்நாளில் வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வைத்துக் கொடுத்து நிலத்தை இழந்த குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதனால் எழுதாத தாளில் கைநாட்டு வைக்கக் கூடாது என்பதைப் படிக்காதவர்களும் அறிந்திருந்தார்கள். இன்று தாள் இல்லை, கருவிதான் இருக்கிறது. அந்தக் கருவியில் என்ன எழுதியிருக்கிறது என்பது விரல் வைப்பவருக்குத் தெரிவதில்லை.

ஆதார் வழிப் பணப் பட்டுவாடா எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறிந்து கொள்வது நலம். முகவரின் கருவியில் மூன்றே செய்திகள் போதும்: வங்கியின் பெயர், 12 இலக்க ஆதார் எண், விரல் ரேகை. ஏ.டி.எம். அட்டை தேவையில்லை; ரகசிய எண் தேவையில்லை; கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யும் தேவையில்லை. ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். வங்கிக் கிளை இல்லாத ஊர்களில் முதியோர் ஓய்வூதியமும் நூறு நாள் வேலைக் கூலியும் வீட்டு வாசலில் கிடைப்பதற்கு இந்த எளிமையே காரணம். திருடனுக்கு வழி திறந்ததும் இதே எளிமைதான்.

ரேகையையே திருட முடியுமா என்ற ஐயம் எழலாம். 2018-ல் தெலங்கானா மாநிலம் பெத்தபள்ளி மாவட்டத்தில் அது நடந்தது. அங்கே சிம் அட்டை விற்ற ஒருவர், பதிவுத் துறை இணையதளத்தில் கிடைத்த கிரயப் பத்திரங்களிலிருந்து பெருவிரல் ரேகையையும் ஆதார் எண்ணையும் எடுத்து, ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் முறையில் ரேகைக்கு அச்சு செய்து, ஆயிரக்கணக்கான சிம் அட்டைகளை மற்றவர் பெயரில் இயக்கி வைத்தார். விற்பனை இலக்கை எட்டுவதற்காக அவர் செய்த வேலை இது. பத்திரத்துக்கு உரியவர்கள் வெறுமனே நிலத்தைப் பதிவு செய்தவர்கள். வேறு எந்தத் தவறும் செய்யாதவர்கள். பிறகு வேறு பல மாநிலங்களில் இதே வகை அச்சுகளைக் கொண்டு வங்கிக் கணக்கிலிருந்தே பணம் எடுக்கப்பட்டது. 2023 பிப்ரவரியில் ஆதார் ஆணையம், வைக்கப்படுவது உயிருள்ள விரல்தானா என்று சோதிக்கும் கூடுதல் முறையைக் கொண்டுவந்த பின் இந்த வழி கடினமாகியிருக்கிறது.

தேய்ந்த விரல்

போலி அச்சைவிடக் கூடுதலாக அஞ்ச வேண்டியது, விவசாயி தன் விரலைத் தானே பலமுறை வைப்பதை. அரிவாளும் மண்வெட்டியும் பிடித்த கையில், சேற்றிலும் உரத்திலும் ஊறிய விரலில் ரேகை தேய்ந்து போகிறது. அலுவலக மேசையில் இருப்பவருக்கு ஒரே முறையில் பதியும் ரேகை, நடவு நட்ட பெண்ணுக்கு மூன்று, நான்கு முறை வைத்தாலும் பதிவதில்லை. ‘பதியவில்லை, மறுபடி வையுங்கள்’ என்றால் மறுபேச்சில்லாமல் வைத்துப் பழகிவிட்டோம். நேர்மையற்ற முகவர் ஒருவருக்கு இந்தப் பழக்கம் ஒன்றே போதும். முதல் முறை 1,000 ரூபாய்க்குப் பதிந்திருக்கும். பதியவில்லை என்று சொல்லி இரண்டாம் முறை வைக்கச் சொன்னது இன்னொரு 1,000 ரூபாய்க்கு இருக்கும். முகவர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்களே. ஆயினும் ஒவ்வொரு முறை விரல் வைத்ததற்கும் ஒரு துண்டுச் சீட்டு கேட்டு வாங்க வேண்டும். பதியாமல் போயிருந்தால் அதையும் கருவியின் திரையில் காட்டச் சொல்ல வேண்டும். சீட்டு வராமல் அடுத்த முறை விரல் வைக்கக் கூடாது. படிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்குப் போகும் பிள்ளையை உடன் அழைத்துச் செல்லலாம்.

கையை சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு வைத்தால் ரேகை நன்றாகப் பதியும். பெருவிரல் பதியாதவர்களுக்கு மோதிர விரலோ நடுவிரலோ பதியக்கூடும். எந்த விரல் பதிகிறது என்று ஒருமுறை தெரிந்து கொண்டால் அடுத்த முறை பத்து விரலையும் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

உரக்கடை ரசீதையும் படித்துப் பார்க்க வேண்டும். இரண்டு மூட்டை வாங்கியவர் பெயரில் ரசீதில் எத்தனை மூட்டை என்று எண்ணிப் பார்த்தால், அவர் பெயரில் வேறு யாராவது யூரியா எடுத்தார்களா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பூட்டுவதா, நிறுத்துவதா?

ஆதார் ஆணையத்தின் கைபேசிச் செயலியிலும் இணையதளத்திலும் ரேகையைப் பூட்டி வைக்கும் வசதி உண்டு. பூட்டிய ரேகையை எவரும் எங்கும் பயன்படுத்த முடியாது. உரியவரே பயன்படுத்த வேண்டுமானாலும் திறந்தாக வேண்டும். ரேஷன் கடை வரிசையில் நின்று கொண்டு பூட்டைத் திறக்க ஸ்மார்ட்போனும், பதிவு செய்த கைபேசி எண்ணும், சிக்னலும் வேண்டும். இவை கைவசம் உள்ளவர்கள் பூட்டலாம். மற்ற சிறு விவசாயிகளுக்கு வேறொரு வழியே ஏற்றது. வங்கிக் கிளையில், ‘என் கணக்கில் ஆதார் ரேகை மூலம் பணம் எடுக்கும் வசதியை மட்டும் நிறுத்தவும், மானியம் வரவாவதற்கான ஆதார் இணைப்பை நீக்க வேண்டாம்’ என்று எழுதிக் கொடுக்கலாம். பல வங்கிகளில் இந்த வசதி உண்டு. பணம் எடுக்கும் வழியும் மானியம் வரவாகும் வழியும் வேறு வேறு. ஆதலால் பி.எம். கிசான் தவணை 2,000 ரூபாய் வருவது நிற்காது. உரக்கடையிலும் ரேஷன் கடையிலும் விரல் வைப்பதற்கும் தடையில்லை. முகவரிடமே பணம் எடுத்துப் பழகிய முதியவர்களுக்கு இது ஒத்துவராது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நகல் கொடுப்பதில் நாம் காட்டும் தாராளம் பெரிது. பயிர்க் கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் பட்டா, சிட்டா, அடங்கலோடு ஆதாரையும் பாஸ்புக்கையும் ஜெராக்ஸ் எடுத்து, கேட்டவர் கையில் கொடுத்துவிடுகிறோம். தமிழ்நாட்டில் 2020-ல் வெளிப்பட்ட பி.எம். கிசான் முறைகேட்டில், விவசாயிகள் அல்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர்கள் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் பட்டுவாடா ஆனது. கொரோனா நிவாரணம் என்று சொல்லிய புரோக்கர்களிடம் நம்பி நகல்களைக் கொடுத்தவர்களும் அதில் இருந்தார்கள். பின்னர் பணம் அவர்கள் கணக்கிலிருந்தே திரும்ப எடுக்கப்பட்டது. நகலின் மீது, ‘சங்கத்தில் பயிர்க் கடனுக்கு மட்டும்’ என்று குறுக்காக எழுதி, தேதியும் கையெழுத்தும் இட வேண்டும். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதார் படிவம் உண்டு. ஏற்கும் இடங்களில் அதையே கொடுக்கலாம். கடையில் வீணான நகலை அங்கேயே போட்டுவிட்டு வரக் கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பிரதி எடுத்தால், கடைக்காரரின் கைபேசியிலும் கணினியிலும் உள்ள படத்தைக் கண் முன்னே அழிக்கச் சொல்ல வேண்டும்.

பி.எம். கிசான் பதிவின்போது தமக்குக் கைபேசி இல்லாததால் கடைக்காரர் எண்ணையோ பக்கத்து வீட்டுக்காரர் எண்ணையோ கொடுத்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வரும் ஓ.டி.பி. அடுத்தவர் கைக்குப் போகிறது. இதைத் தாமதமின்றி மாற்றிக் கொள்ள வேண்டும். ‘தவணை நின்றுவிட்டது, இந்தக் கோப்பைத் திறக்கவும்’ என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு வந்தால் தொடவே கூடாது.

பணம் போய்விட்டால்

மாதம் ஒருமுறை பாஸ்புக்கில் வரவு செலவு பதிந்து பார்ப்பவருக்குத்தான் இழப்பு உடனே தெரியும். தெரிந்த அன்றே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லி, வங்கிக்கும் போக வேண்டும். விடுமுறை நாளாயினும் 1930-க்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதி, வங்கியின் மீதோ வாடிக்கையாளர் மீதோ தவறில்லாமல் வெளியார் செய்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்று சொல்லிற்று. நாள் தள்ளத் தள்ள அந்தப் பாதுகாப்பு குறையும். ஆதார் இணையதளத்தில் கடந்த ஆறு மாதத்தில் தம் ஆதார் எப்போதெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற விவரம் கிடைக்கும். இ-சேவை மையத்தில் அதைப் பிரதி எடுத்து மனுவுடன் இணைக்கலாம். மனுவில் பணம் போன தேதி, நேரம், தொகை, அந்நேரத்தில் தாம் எங்கே இருந்தார் என்பதை எழுதி, இன்னொரு பிரதியில் வங்கியின் முத்திரையும் தேதியும் வாங்கிக் கொண்டுதான் கிளையை விட்டு வர வேண்டும்.